கடலை இழந்த மலைநாடு

தென் அமெரிக்காவின் படத்தை விரித்து வைத்துக்கொண்டு பார்த்தால், அந்தக் கண்டத்தில் கடற்கரை என்பதே இல்லாத தேசங்கள் இரண்டுதான் உண்டு என்பது விளங்கும். ஒன்று பரகுவே, மற்றொன்று பொலிவியா. பரகுவே தன் பெரிய ஆற்றின் வழியாகவாவது சமுத்திரத்தை எட்டிவிடுகிறது. பொலிவியாவோ ஆண்டீஸ் மலைத்தொடரின் இரண்டு கிளைகளைத் தோளில் சுமந்துகொண்டு, பசிபிக் சமுத்திரத்துக்கு வெகு சமீபத்தில், ஆனால் அதன் அலை ஒன்றுகூடக் காலில் படாமல் நிற்கிறது. பரப்பில் நம் தமிழ்நாட்டைப்போல் எட்டு மடங்குக்கு மேல் பெரிய தேசம். ஜனத்தொகையோ, 2024-ம் வருஷத்துக் கணக்கெடுப்பின்படி 1 கோடியே 13 லட்சம் சொச்சந்தான்.

சென்ற சில மாதங்களாக எங்கள் வீட்டில் இந்தத் தேசத்தைப் பற்றியே பேச்சு. வருகிற கோடை விடுமுறையில் நானும் என் மனைவியும், என்னுடன் பணி புரியும் தமிழாசிரியர் ஒருவருமாகப் பொலிவியாவுக்குப் போய்வருவது என்று நிச்சயித்திருக்கிறோம். "காசிக்குப் போனாலும் புண்ணியம் உண்டு, இது என்ன யோசனை?" என்று பந்துக்கள் கேட்கிறார்கள். சரித்திரமும் பூகோளமும் போதிக்கிறவனுக்கு, அவ்விரண்டும் ஒன்றையொன்று இவ்வளவு இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும் இடம் வேறு கிடைப்பது அரிது என்பதே என் பதில். எங்களுக்கு விடுமுறை கிடைக்கும் மே மாதம் அங்கே மழை ஓய்ந்து வானம் தெளியும் காலம் என்பதும் ஓர் அதிருஷ்டம். டிசம்பரிலிருந்து மார்ச்சு வரையில் மழை. மே முதல் அக்டோபர் வரையில் வறண்ட பருவம். ஜூன், ஜூலையில் குளிர் எலும்பைத் துளைக்கும்.

சாதாரணமாகப் பிரயாணத் திட்டம் போடுகிறவர்கள் இத்தனை மைல், இத்தனை நாள், இவ்வளவு ரூபாய் என்று கணக்குப் பார்ப்பார்கள். பொலிவியாவுக்கு அந்தக் கணக்கு இரண்டாம் பட்சம். அங்கே முதலில் பார்க்க வேண்டியது உயரம். நம் உதகமண்டலம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 7,350 அடி. தொட்டபெட்டா சிகரத்தின் உச்சி 8,650 அடி. பொலிவியாவின் அரசாங்கம் நடைபெறும் லா பாஸ் நகரமோ சுமார் 11,900 அடி உயரத்தில் இருக்கிறது. அந்நகரத்துக்கான விமான நிலையம் அதற்கும் மேலே, எல் ஆல்ட்டோ என்னும் மேட்டுச் சமவெளியில், 13,300 அடிக்குச் சற்று மேற்பட்ட உயரத்தில் அமைந்திருக்கிறது. அதாவது தொட்டபெட்டாவின் தலைமேல் பாதித் தொட்டபெட்டாவைத் தூக்கி வைத்து, அதன் உச்சியில் விமானத்தை இறக்குகிறார்கள்.

அந்த உயரத்தில் நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும், கடற்கரையில் கிடைக்கும் பிராண வாயுவில் ஐந்தில் மூன்று பங்குதான் கிடைக்கும். தலைவலி, வாந்தி, தூக்கமின்மை ஆகியவை வந்தால் அதிசயமில்லை. அவற்றை அலட்சியம் செய்து மேலும் ஏறினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துக்கொண்டு உயிருக்கே ஆபத்தாவதும் உண்டு. வாலிபனுக்கு வராது, கிழவருக்குத்தான் வரும் என்ற நியாயமும் கிடையாது. 10,000 அடிக்கு மேல் போனபின், இரவு தூங்கும் இடத்தை நாளொன்றுக்கு 1,600 அடிக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது வைத்தியர்கள் கூறும் பொது விதி. என் மனைவிக்கு ரத்த அழுத்தம் சிறிது உண்டு. ஆகையால் இந்த விதி எங்கள் விஷயத்தில் ஏட்டுச் சுரைக்காய் அல்ல.

பிரயாண ஏற்பாடு செய்து கொடுக்கும் கம்பெனி ஒன்று எங்களுக்கு அனுப்பிய திட்டத்தில், முதல் நாள் விடியற்காலை எல் ஆல்ட்டோவில் இறங்குவது, அன்று பிற்பகலே லா பாஸின் செங்குத்தான வீதிகளில் நடந்து காட்சிகளைக் காண்பது, மறுநாள் ஏரிக்குப் போவது என்று கண்டிருந்தது. காகிதத்தில் அழகான திட்டந்தான்! அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டோம். கிழக்கே, அமேசான் காட்டுக்கும் மலைக்கும் இடையிலுள்ள தாழ்ந்த சமவெளியில், 1,300 அடி சொச்சம் உயரத்தில் சாந்தா குரூஸ் என்னும் நகரம் இருக்கிறது. தேசத்தில் மிகுதியான ஜனங்கள் வாழும் நகரம் இதுவே. பிரேஸிலின் சாவோ பாலோவிலிருந்து இங்கே நேராக விமானத்தில் வரலாம். 2019-ம் வருஷம் மார்ச்சு மாதம் நம் ராஷ்டிரபதியாயிருந்த ஸ்ரீ ராம்நாத் கோவிந்த் பொலிவியாவுக்குச் சென்றபோது வரவேற்புப் பெற்றதும் இந்த ஊரில்தான். சென்னையிலிருந்து புறப்பட்டு இரண்டு சமுத்திரங்களைத் தாண்டி வந்த அலுப்புத் தீரவும், ஒன்பதரை மணி நேரம் பின்தங்கிய கடிகாரத்துக்குக் கண்கள் பழகவும் இங்கே மூன்று நாள் தங்குகிறோம். ஊரில் பார்ப்பதற்கு அதிகமில்லை. இருந்தால்தான் அலைந்து களைத்துப் போவோம்.

அங்கிருந்து முதல் படி, 9,200 அடி உயரத்திலுள்ள சுக்ரே. இந்த நகரத்துக்கு ஆறு நாட்களை ஒதுக்கியிருக்கிறோம். அது அதிகம் என்று கூறுவோர் உண்டு. எனக்கோ அது போதுமா என்றே சந்தேகம். அரசியல் சட்டப்படி பொலிவியாவின் தலைநகரம் இன்றைக்கும் சுக்ரேதான். 1898-ல் மூண்ட உள்நாட்டுச் சண்டையின் முடிவில் அரசாங்கமும் சட்டசபையும் லா பாஸுக்குப் போய்விட்டன. உயர் நீதிமன்றம் மட்டும் இங்கே மிஞ்சியது. வெள்ளை அடித்த சுவர்களும் செவ்வோட்டுக் கூரைகளும் நிறைந்த அமைதியான ஊர். 1624-ல் நிறுவப்பட்ட சர்வகலாசாலை ஒன்று இங்கே இருக்கிறது. நம் சென்னைச் சர்வகலாசாலை தோன்றியது 1857-ல் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் பழமை புலப்படும். அந்தச் சர்வகலாசாலையில் சட்டம் படித்தவர்கள்தான், எந்த ராஜாவின் சட்டத்தைப் படித்தார்களோ அந்த ராஜாவையே எதிர்த்து முதற்குரல் எழுப்பினார்கள். 1809-ம் வருஷம் மே மாதம் 25-ந் தேதி இங்கே எழுந்த கிளர்ச்சி, ஸ்பானிய ஆட்சிக்கு எதிரான நீண்ட போராட்டமாக வளர்ந்தது. பதினாறு வருஷங்கள் கழித்து, 1825-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி, சுதந்தரப் பிரகடனம் கையெழுத்தானதும் இதே ஊரில்தான். கையெழுத்தான மண்டபத்தைப் பிரதான சதுக்கத்தில் இன்றும் காணலாம். நாட்டுக்குச் சைமன் பொலிவாரின் பெயரையும், பிற்பாடு இந்நகரத்துக்கு அவருடைய தளபதியான சுக்ரேயின் பெயரையும் சூட்டினார்கள்.

இந்த ஊரில் என் மனைவி பார்க்க விரும்புவது ஹுவானா அசுர்துய் என்ற வீர மாதின் நினைவுச் சின்னங்களை. 1780-ல் இந்தப் பகுதியில் பிறந்தவள். கணவனோடு சேர்ந்து படை திரட்டி, குதிரைமேல் ஏறி ஸ்பானியரோடு போர் புரிந்தாள். போராட்டத்தில் கணவனையும் குழந்தைகளில் நால்வரையும் பறிகொடுத்தாள். சுதந்தரம் வந்த பிறகு அவளுக்கென்று ஒதுக்கிய சொற்ப உபகாரச் சம்பளமும் நின்றுபோயிற்று. 1862-ம் வருஷம், அதே மே 25-ந் தேதியன்று, ஊரார் சுதந்தரத் திருநாள் கொண்டாடிக்கொண்டிருக்கையில், ஏழையாய் இறந்தாள். பிறகு அர்ஜெண்டினா 2009-ல் அவளுக்குத் தளபதிப் பட்டம் அளித்தது. பொலிவியாவும் பின்தொடர்ந்து பட்டம் வழங்கியது. தேச விடுதலைக்கு உழைத்தவர்களின் அந்திமக் காலத்தைப் பற்றி நம் நாட்டாருக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை.

சுக்ரேயிலிருந்து சுமார் நூறு மைல் தொலைவில் இருக்கிறது பொட்டோசி. இந்தப் பிரயாணத்தில் என் மனம் முழுவதும் நாடுவது இந்த ஒரு ஊரைத்தான். உயரம் 13,400 அடி. ஊருக்குப் பின்னால் செம்மண் நிறத்தில் கூம்பு போன்ற ஒரு மலை எழுந்து நிற்கிறது. 'செல்வ மலை' என்பது அதன் ஸ்பானியப் பெயருக்குப் பொருள். 1545-ல் அதற்குள் வெள்ளி இருப்பது தெரிந்தது. அறுபது எழுபது வருஷங்களுக்குள், புல்லும் சரியாக முளைக்காத அந்த உயரத்தில், 1,50,000 ஜனங்களுக்கு மேல் வசிக்கும் பட்டணம் எழும்பிவிட்டது. அக்காலத்தில் ஐரோப்பாவிலேயே அவ்வளவு பெரிய பட்டணங்கள் சிலதாம் இருந்தன. விலை மதிப்பற்ற பொருளை 'ஒரு பொட்டோசி பெறும்' என்று ஸ்பானியர் இன்றும் சொல்வதுண்டு.

வெள்ளி தானாக வெளியே வரவில்லை. டொலேடோ என்னும் ஸ்பானிய ராஜப் பிரதிநிதி 1570-களில் ஒரு விதி செய்தான். சுற்றுப்புறத்து மலை மாகாணங்களிலுள்ள கிராமங்கள், வயது வந்த ஆண்களில் ஏழில் ஒருவரை வருஷந்தோறும் முறைபோட்டுச் சுரங்க வேலைக்கு அனுப்ப வேண்டும் என்பது அந்த விதி. ஆண்டுக்குச் சுமார் 13,500 பேர் இப்படி வந்தார்கள். பெண்டு பிள்ளைகளோடும் சுமை தூக்கும் லாமாக்களோடும், சிலர் மாதக்கணக்காக நடந்தே வந்தார்கள். இன்காக்கள் காலத்தில் பொது வேலைக்கென்று இருந்த பழைய வழக்கத்தின் பெயரையே இந்தக் கட்டாய வேலைக்கும் சூட்டியதுதான் கொடுமையிலும் கொடுமை. தாதுவிலிருந்து வெள்ளியைப் பிரிப்பதற்குப் பாதரசத்தை உபயோகித்தார்கள்; அதன் விஷம் வேறு. இவ்வழக்கம் அடியோடு ஒழிந்தது சுதந்தரம் வந்தபோதுதான்.

அந்த வெள்ளி எங்கே போயிற்று? இந்தக் கேள்வியைக் கேட்டால் நம் வீட்டு வாசலுக்கே வந்து சேர வேண்டியிருக்கிறது. பொட்டோசியில் அடித்த நாணயங்கள் ஸ்பெயினுக்குப் போய், அங்கிருந்து கடன்காரர்கள் கையிலும் வியாபாரிகள் கையிலும் புகுந்து, ஐரோப்பியக் கம்பெனிகளின் கப்பல்களில் கிழக்கே வந்தன. நம் சோழமண்டலக் கரையில் நெய்த துணிகளுக்கு ஈடாகக் கொடுக்கத்தக்க சரக்கு அந்தக் கம்பெனிகளிடம் அதிகம் இருக்கவில்லை. வெள்ளியைத்தான் கொட்டிக் கொடுத்தார்கள். அமெரிக்க மலைகளின் வெள்ளி அப்படி நம் தறிக்காரர்களை வந்தடைந்தது. பொட்டோசியின் பழைய நாணயசாலை, 1759-ல் தொடங்கி 1773-ல் கட்டி முடித்த மிகப் பெரிய கட்டிடம். இப்போது அது காட்சிசாலை. உலோகத் தகட்டை அழுத்தித் தட்டும் பிரம்மாண்டமான மரச் சக்கரங்கள் அங்கே இன்னும் நிற்கின்றன. அவற்றைப் பார்க்கும்போது காஞ்சிபுரத்துத் தறியோசை என் காதில் கேட்கும் என்றே நினைக்கிறேன்.

இங்கேதான் எங்களுக்குள் ஓர் அபிப்பிராய பேதம் உண்டாயிற்று. செல்வ மலையில் வெள்ளி பெரும்பாலும் தீர்ந்துபோய்விட்டாலும், கூட்டுறவுச் சங்கங்களாகச் சேர்ந்த தொழிலாளிகள் தகரம், துத்தநாகம், கொஞ்சநஞ்சம் வெள்ளி ஆகியவற்றை இன்னும் தோண்டுகிறார்கள். பிரயாணிகளுக்குத் தலைக்கவசமும் விளக்கும் கொடுத்து உள்ளே அழைத்துப் போகும் வழிகாட்டிகள் இருக்கிறார்கள். உள்ளே, பூமிக்குக் கீழ் உள்ளவற்றுக்கெல்லாம் அதிபதி என்று சுரங்கத்தார் கருதும் கொம்பு வைத்த மண் உருவத்துக்குக் கொக்கா இலையும் சாராயமும் படைப்பதைக் காணலாம். "பார்க்காமல் வந்தால் பார்த்ததாகுமா, ஸார்?" என்றார் தமிழாசிரியர். கல் தூசி நுரையீரலில் படிந்து நடு வயதிலேயே மடியும் மனிதர்கள் வேலை செய்யும் இடத்துக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போவதா என்பது என் ஆட்சேபம். "அந்தச் சீட்டுப் பணத்தில் ஒரு பகுதியாவது அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தால்?" என்று அவர் திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆயினும், நூற்றாண்டுகளாகக் குடைந்ததில் மலையின் உச்சியே உள்வாங்கிச் சரிகிறது. பொட்டோசியை 2014-ல் ஆபத்திலிருக்கும் உலகப் பாரம்பரிய இடங்களின் ஜாபிதாவில் சேர்த்திருக்கிறார்கள். 13,000 அடிக்கு மேல், குனிந்து தவழும் இருட்டில், ரத்த அழுத்தக்காரியை அழைத்துப் போவது என்பதற்கு இடமே இல்லை. முடிவாக, அவர் போவார். நாங்கள் இருவரும் நாணயசாலையோடு நின்றுகொள்வோம். பொட்டோசியில் இரவு தங்குவதும் இல்லை. பகலில் ஏறிப் பார்த்துவிட்டு, இரவு சுக்ரேக்கு இறங்கி வந்து தூங்குவது. உடம்பை உயரத்துக்குப் பழக்குவதற்கு மலையேறுகிறவர்கள் கையாளும் உபாயமும் இதுவே.

அடுத்த படி ஊயுனி, சுமார் 12,000 அடி. ஒரே தாவலில் இவ்வளவு ஏறுவது வைத்திய விதிக்கு முற்றும் இணங்கியதல்ல. ஆனால் ஆறு நாள் சுக்ரேயில் பழகிய உடம்பு, முதல் நாள் ஓய்வெடுத்துக்கொண்டால் தாங்கும் என்று எங்கள் குடும்ப வைத்தியர் அபிப்பிராயப்பட்டு, மாத்திரையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஊயுனியின் உப்புப் பாலை 4,000 சதுர மைலுக்கு மேற்பட்டது. உலகத்தில் இதைவிடப் பெரிய உப்புத் தரை வேறில்லை. பழங்காலத்தில் அங்கே கிடந்த பெரிய ஏரிகள் வற்றியபின் எஞ்சியது. மழைக்காலத்தில் அதன்மேல் நிற்கும் மெல்லிய நீர்ப்பரப்பு வானத்தை அப்படியே காட்டும் கண்ணாடியாகும் என்று சொல்கிறார்கள். நாங்கள் போகும்போது அந்தக் காட்சி இராது. அறுகோணம் அறுகோணமாக வெடித்து, கண் எட்டும் வரையில் வெண்மையாகக் கிடக்கும் தரையைத்தான் காண்போம். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் போனால் கண் கெட்டுவிடும். வேதாரணியத்திலும் தூத்துக்குடியிலும் கடல் கொடுத்த உப்பைப் பார்த்த நமக்கு, கடலே இல்லாத தேசத்தில் உப்பைச் சிறு சிறு கூம்பாகச் சுரண்டிக் குவித்திருப்பதைப் பார்ப்பது வேடிக்கையாயிருக்கும். அந்த உப்புக்கு அடியிலுள்ள நீரில் லித்தியம் கரைந்திருக்கிறது. மோட்டார் வண்டிகளின் மின்கலங்களுக்கு இப்போது உலகமே தேடி அலையும் உலோகம். பூமிக்கு அடியில் கண்டறியப்பட்ட லித்தியம் பொலிவியாவில் இருப்பதுபோல் வேறெங்கும் இவ்வளவு இல்லை. அது யாருக்குப் பயன்படப் போகிறதோ!

ஊயுனிக்கு வெளியே, துருப்பிடித்த நீராவி ரயில் எஞ்சின்கள் வரிசை வரிசையாய் வெயிலில் நிற்கின்றன. மலையிலிருந்து உலோகங்களைக் கடற்கரையிலுள்ள அந்தோஃபகாஸ்தா துறைமுகத்துக்கு இறக்குவதற்காகப் போட்ட ரயில் பாதையின் எச்சம் இது. அந்தோஃபகாஸ்தா ஒரு காலத்தில் பொலிவியாவின் துறைமுகம். தண்டவாளம் ஊயுனியை எட்டிய சமயத்திலோ அது சிலி தேசத்தாரின் கைக்குப் போய்விட்டிருந்தது.

அது எப்படிப் போயிற்று என்பதைச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். சுதந்தரம் பெற்றபோது பொலிவியாவுக்குச் சுமார் 250 மைல் நீளமுள்ள கடற்கரை இருந்தது. அது அடகாமா பாலைவனம். ஒரு புல்லும் முளைக்காத இடம். ஆனால் அந்த மண்ணில் வெடியுப்புக் கிடைத்தது. உரத்துக்கும் வெடிமருந்துக்கும் ஐரோப்பா அதற்காகத் தவித்துக்கொண்டிருந்த காலம். ஆங்கிலேயரின் முதலும் கலந்த சிலி நாட்டுக் கம்பெனி ஒன்று அதைத் தோண்டி விற்றது. 1874-ல் செய்துகொண்ட உடன்படிக்கையில், சிலியரின் தொழில்களுக்கு இருபத்தைந்து வருஷத்துக்கு வரியை உயர்த்துவதில்லை என்று பொலிவியா ஒப்புக்கொண்டிருந்தது. 1878-ல் பொலிவியா நூறு ராத்தலுக்குப் பத்துக் காசு வீதம் வரி போட்டது. கம்பெனி கொடுக்க மறுத்தது. அதன் சொத்தை ஏலம் போடப்போவதாகப் பொலிவியா அறிவித்தது. 1879-ம் வருஷம் பிப்ரவரி 14-ந் தேதி சிலியின் படை அந்தோஃபகாஸ்தாவில் இறங்கியது. பெருவும் பொலிவியாவின் பக்கம் யுத்தத்தில் இழுக்கப்பட்டது. மார்ச்சு 23-ந் தேதி காலாமா என்னும் பாலைவன ஊரில், எதுவார்தோ அபாரோவா என்ற சாதாரணக் குடிமகன் ஒருவன், தங்களைவிடப் பன்மடங்கு பெரிய படையை ஒரு சிறு கூட்டத்தோடு எதிர்த்து நின்று, சரணடைய மறுத்து உயிர் விட்டான். கடைசியில் 1904-ம் வருஷத்து உடன்படிக்கையின்படி கடற்கரை முழுவதும் சிலிக்கே நிரந்தரமாயிற்று. பதிலுக்குச் சரக்குகளைத் தடையின்றிக் கொண்டுபோகும் உரிமையும், அரீக்கா துறைமுகத்திலிருந்து லா பாஸுக்கு ஒரு ரயில் பாதையும் கிடைத்தன. உடன்படிக்கையை மீறி வரி போட்டது பொலிவியாதானே என்று சிலியர் கேட்பார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் பத்துக் காசு வரிக்கு ஒரு தேசத்தின் கடல் முழுவதும் விலையா என்று பொலிவியர் கேட்பதிலும் உண்மை உண்டு. 2013-ல் அவர்கள் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனார்கள். கடல்வழி குறித்துப் பேச்சு நடத்தும் சட்டப்படியான கடமை சிலிக்கு இல்லை என்று 2018-ம் வருஷம் அக்டோபர் முதல் தேதி பன்னிரண்டு நீதிபதிகள் ஒரு பக்கமும் மூவர் மறுபக்கமுமாகத் தீர்ப்பாயிற்று. தீர்ப்புக்குப் பின்னும் ஒவ்வொரு மார்ச்சு 23-ந் தேதியும் 'கடல் தினம்' நடைபெறுகிறது.

ஊயுனியிலிருந்து லா பாஸ். உயரம் ஏறக்குறைய அதேதான். ஆகவே உடம்புக்குப் புதிய சோதனை இல்லை. இந்த நகரம் ஒரு பெரிய பள்ளத்தின் சுவர்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் மலைவாசஸ்தலங்களில் பணக்காரர்கள் உச்சியில் பங்களா கட்டிக்கொள்வார்கள். லா பாஸிலோ செல்வர்கள் பள்ளத்தின் அடியில், காற்றும் கதகதப்பும் கூடுதலாக உள்ள இடத்தில் வசிக்கிறார்கள். ஏழைகள் மேலே, மூச்சு முட்டும் மேட்டில். இருசாராரையும் இணைப்பது 2014-ல் தொடங்கிய தொங்கும் கம்பி வண்டி. பத்துத் தடங்களில், வீட்டுக் கூரைகளுக்கு மேலே மிதந்துகொண்டு, ஜனங்கள் தினமும் வேலைக்குப் போய்வருகிறார்கள். மற்ற ஊர்களில் இது உல்லாசப் பிரயாணிகளுக்கான வேடிக்கை. இங்கே அது டவுன் பஸ்.

மேட்டு நிலத்து அய்மாரா ஜனங்கள் இந்த நகரத்தை 1781-ல் மாதக்கணக்கில் முற்றுகையிட்டார்கள். தலைவன் துபாக் கடாரி. அவனுக்குச் சமமாகப் படை நடத்தியவள் அவன் மனைவி பார்த்தொலினா சிசா. இருவரையும் ஸ்பானியர் பிடித்துக் கொன்றார்கள். அந்தத் தலைவனின் பெயரை 2013-ல் தேசத்தின் முதல் செயற்கைக் கோளுக்கு வைத்தார்கள். நாடு சுதந்தரம் அடைந்தும், அந்த ஜனங்களுக்கும் பெண்களுக்கும் வாக்குரிமை கிடைத்தது 1952-ல் நடந்த புரட்சிக்குப் பிறகுதான். பிறருடைய ஆட்சி நீங்குவதற்கும் தன் ஜனங்கள் எல்லாரும் பிரஜைகள் ஆவதற்கும் இடையே அங்கே நூற்றிருபத்தேழு வருஷங்கள் சென்றன. 2009-ம் வருஷத்து அரசியல் சட்டம் ஸ்பானிய மொழியோடு பூர்வ குடிகளின் முப்பத்தாறு பாஷைகளையும் ஆட்சி மொழிகளாக ஏற்றிருக்கிறது.

அய்மாரா பாஷையைப் பற்றிப் படித்ததிலிருந்து எங்கள் தமிழாசிரியருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தப் பாஷையில் கடந்த காலத்தைக் குறிக்கும் 'நய்ரா' என்ற சொல்லுக்குக் கண் என்றும் முன்பக்கம் என்றும் பொருளாம். வருங்காலத்தைக் குறிக்கும் சொல்லோ முதுகுப் பக்கத்தைக் குறிக்கிறது. நடந்தது கண்ணால் கண்டது, ஆகையால் எதிரே இருக்கிறது. நடக்கப் போவதைக் கண்டவர் யார்? அது முதுகுக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். அய்மாரா முதியவர்கள் பழங்கதை பேசும்போது கையை முன்னால் நீட்டுவதையும், நாளையைப் பற்றிப் பேசும்போது தோளுக்குப் பின்னால் காட்டுவதையும் ஆராய்ச்சியாளர்கள் கவனித்து 2006-ல் எழுதியிருக்கிறார்கள். "நாமும் முன்னோர், முன்னாள் என்கிறோம், பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று நாளைய காரியத்தைச் சொல்கிறோம். இது அவர்கள் கணக்கல்லவா?" என்றார் நண்பர். உண்மைதான், இத்தனை வருஷம் பேசியும் இது எனக்குத் தோன்றியதில்லை. அதோடு நில்லாமல், நய்ராவுக்கும் நயனத்துக்கும் உறவு கொண்டாடப் புறப்பட்டார். அந்த வழியில் மட்டும் போக வேண்டாம் என்று தடுத்து வைத்திருக்கிறேன்.

கடைசிப் படி டிட்டிகாக்கா ஏரி, 12,500 அடி. பாதி பெருவுக்கும் பாதி பொலிவியாவுக்கும் சொந்தம். லா பாஸிலிருந்து போகும் சாலை திக்கினா என்ற ஜலசந்தியில் முறிந்துவிடும். பஸ்ஸைத் தனியாக ஒரு மரத் தெப்பத்தில் ஏற்றுகிறார்கள். பிரயாணிகள் வேறு படகில் அக்கரை சேர வேண்டும். இந்தக் கரையில் பொலிவியாவின் கடற்படையைக் காணலாம்! கடலில்லாத தேசம் கடற்படையைக் கைவிடவில்லை. வெள்ளை உடுப்பணிந்த மாலுமிகள் ஏரியிலும் ஆறுகளிலும் காவல் புரிகிறார்கள். இதைக் கேட்டு எங்கள் வகுப்புப் பிள்ளைகள் சிரித்தார்கள். லா பாஸில் அபாரோவாவின் சிலை நிற்கும் சதுக்கத்தைப் பார்த்துவிட்டுத் திக்கினாவுக்கு வருகிறவர்களுக்குச் சிரிப்பு வராது என்று நினைக்கிறேன். அக்கரையிலுள்ள கோப்பகபானாவில் மாதாவின் ஆலயத்துக்கு எதிரே மோட்டார் வண்டிகளுக்குப் பூச்சூட்டி ஆசீர்வாதம் பெறுவது வழக்கம். நம் ஆயுத பூஜை தினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ரியோ நகரத்தின் புகழ் பெற்ற கடற்கரைக்குக் கோப்பகபானா என்ற பெயர் இந்த ஏரிக்கரை மாதாவிடமிருந்துதான் போயிற்று. பெயர் கடலுக்குப் போய்விட்டது, ஊர் மலையிலேயே இருக்கிறது.

இனிச் சமையலறை விஷயம். அந்த உயரத்தில் தண்ணீர் 87 டிகிரி சுமாருக்கே கொதித்துவிடும். கொதித்தால் என்ன? பருப்பு வேகாது. பிரஷர் குக்கர் இல்லாமல் சாதம்கூடச் சரியாக வராது என்று அறிந்ததும் என் மனைவி தம் சிறிய குக்கரைப் பெட்டியில் வைத்துவிட்டாள். சைவ உணவுக்காரர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. உருளைக்கிழங்கு உலகத்துக்குக் கிடைத்ததே இந்த ஏரியைச் சுற்றியுள்ள மலைப்பிரதேசத்திலிருந்துதான். நூற்றுக்கணக்கான வகை கடைத்தெருவில் கிடைக்கும். கிழங்கை இரவுப் பனியில் உறையவிட்டு, காலால் மிதித்து நீரை வெளியேற்றி, வெயிலில் உலர்த்தி வருஷக்கணக்கில் வைத்துக்கொள்கிறார்கள். நம் வற்றலுக்கு அண்ணன் எனலாம். கீன்வா தானியமும் சோளமும் தாராளம். வேர்க்கடலை சூப்பு அந்நாட்டுக்குப் பேர்போனது. மாமிசம் சேர்க்காமல் செய்தார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கொக்கா இலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாம் வெற்றிலையோடு சுண்ணாம்பு சேர்ப்பதுபோல, அவர்கள் சாம்பல் கட்டி சேர்த்து அந்த இலையை மெல்லுவார்கள், கஷாயமாகவும் குடிப்பார்கள். அங்கே அது சட்டத்துக்கு உட்பட்டது. ஆனால் ஞாபகத்துக்கு என்று ஓர் இலையைக்கூட மடியில் கட்டிக்கொண்டு வரலாகாது. 1985-ம் வருஷத்து நம் போதைப்பொருள் சட்டப்படி அது குற்றம்.

விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. டெல்லியிலுள்ள பொலிவியத் தூதராலயத்திலும், இடையில் விமானம் மாறும் தேசங்களின் தூதராலயங்களிலும் கேட்டுத் தெரிந்துகொள்வதே உசிதம். சர்க்காரோடு மனஸ்தாபம் என்றால் சாலைகளில் கல்லையும் மரத்தையும் போட்டு மறிப்பது அந்நாட்டு ஜனங்களின் நெடுநாளைய வழக்கம். ஆதலால் திட்டத்தில் நான்கு நாட்களை எதற்கும் ஒதுக்காமல் காலியாக விட்டிருக்கிறேன். மற்றொன்று முக்கியம். பொலிவியா மஞ்சள் காய்ச்சல் உள்ள தேசம். அங்கிருந்து ஊசி போட்ட அத்தாட்சி இல்லாமல் திரும்புகிறவர்களை நம் நாட்டு விமான நிலையத்திலேயே தடுத்து, ஆறு நாள் வரையில் தனியே வைத்துவிடுவார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்தால்தான் அத்தாட்சி செல்லும். அதன்பின் ஆயுள் முழுவதற்கும் மறு ஊசி வேண்டியதில்லை. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் இந்த ஊசி போடுகிறார்கள். பரீட்சைத் தாள்களைத் திருத்தி முடித்தவுடன், ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் காலையில், மூவருமாக அங்கே போக உத்தேசம்.